கர்ட்டன் அக்கா திருகிய நாலு குமிழ்

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் கர்ட்டன் அக்கா. வீட்டு ஜன்னல் திரையிலிருந்து ஓட்டல் அறைகளுக்கான கனத்த இரட்டைத் திரைவரை எதைக் கொடுத்தாலும், கீழ்விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி தைத்துக் கொடுப்பாள். அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே அழைத்தார்கள். அவளும் அதைப் பொருட்படுத்தாமல் "சொல்லு" என்று திரும்பிப் பார்ப்பாள். வாய்த்துடுக்கு உண்டு. ஆனால் அதைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்திருந்தாள். வெட்ட வேண்டிய இடம் வரும்வரை மேஜைமேல் சும்மா கிடக்கும்.

அவள் கணவர் பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவர்தான் அவருக்கு வேலை. அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டது அவளுடைய அண்ணன். அண்ணன் அதே கட்டட நிறுவனத்தில் மேஸ்திரி. சாரம் கட்டுவது, எந்த ஆளை எந்தச் சுவரில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு, ஒரே சுவரின் நிழலில் கண்ணயர்ந்து பல வருஷங்களை ஓட்டியிருந்தார்கள்.

ஒரு நாள் காலை பெயிண்டர் சாரத்திலிருந்து விழுந்தார். இரண்டாவது மாடி உயரம்தான். கீழே மணல் குவிந்திருந்ததால் உயிர் தப்பியது, முதுகெலும்பு தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் திருகி முடுக்கினார்கள். பல வாரங்களுக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பியபோது ஆம்புலன்ஸில் படுக்க வைத்துத்தான் கூட்டிவந்தார்கள். வழியிலிருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் கத்தினார். கர்ட்டன் அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இருபது வருஷத்தில் அவர் கத்தி அவள் கேட்டதில்லை.

அதற்கப்புறம் அவர் வெளியே போகவே மறுத்துவிட்டார். கூடத்துக்கு அடுத்த அறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில். நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போவார், திரும்புவார். "எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்பார். பார்க்க வந்தவர்கள் அதை நம்பி நிம்மதியாகப் போனார்கள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் அண்ணன் வந்தார். கட்டில் விளிம்பில் உட்காராமல், நாற்காலியை இழுத்துக் கதவோரம் போட்டு உட்கார்ந்தார். அதிலேயே கர்ட்டன் அக்காவுக்கு ஏதோ பொறி தட்டியது.

"மாப்பிள்ளை, தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸ்ல உங்க விஷயமா விசாரணை வச்சிருக்காங்க. அடுத்த மாசம். நீங்க இந்த நெலமையில வர முடியாதுன்னு நானே சொல்லிட்டேன். உங்களுக்குப் பதிலா நான் பேசிடறேன்."

"என்னன்னு பேசுவீங்க மச்சான்?"

அண்ணன் செருப்பைப் பார்த்தார். "சேப்டி பெல்ட்டு போட்டிருந்தீங்க. கொக்கிய மாட்ட மறந்துட்டீங்க. மனுஷன் மறக்கறது சகஜந்தானே."

பெயிண்டர் மெதுவாகச் சொன்னார்: "மாட்டறதுக்குக் கயிறே இல்லையே மச்சான். கேட்டேன். 'மத்தியானம் வந்துடும், நீங்க ஏறுங்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இப்ப அதெல்லாம் எதுக்கு? கம்பெனி வைத்தியம் பார்க்காமலா விட்டாங்க? இதப் பெருசாக்கினா முதல்ல என் தலதான் உருளும். என் தல உருண்டா உங்களுக்கு சந்தோஷமா?"

கர்ட்டன் அக்கா கூடத்தில் தையல் மிஷினை நிறுத்தினாள். அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, அவரு மறந்தாருன்னு நீ சொன்னா, அது அப்படியே எழுத்துல ஏறிடும். நாளைக்கு இன்னொருத்தர் இவரைக் காட்டி, 'பாரு, கவனமில்லாதவன் கதி'ன்னு சொல்லுவாங்க. அவரு வருவாரு."

"எப்படி வருவாரு? பறந்தா?"

"நான் கூட்டிட்டு வரேன்."

அண்ணன் சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படி. "அந்த ஆபீஸ் ஊருக்கு மறுகோடியில இருக்கு. குழாய் பதிக்கிறேன்னு பாதி ரோட்ட நோண்டிப் போட்டிருக்கான். அவரால பக்கத்துத் தெருவுக்குக்கூட உக்காந்து போக முடியாது. வீம்பு பிடிக்காத."

"வீம்புன்னே வச்சுக்கோ," என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எப்படிக் கூட்டிப்போவது என்று அவளுக்கே தெரியாது. வாசலில் ஒரு கார் நின்றது, உண்மைதான். விழுவதற்கு ஒரு வருஷம் முன்பு பெயிண்டர் ஆசைப்பட்டு வாங்கிய பழைய கார். விற்ற பையன் பந்தயப் பைத்தியம். அவனைத் தெருவில் ரேஸ் தம்பி என்பார்கள். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் அவசரமாக விற்றுவிட்டுப் போனான். அந்தக் கார் சாலையில் ஒட்டிக்கொண்டு ஓடும். வளைவில் சாயவே சாயாது. பெயிண்டர் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். ஆனால் ஒரு சின்னக் கல்லின்மேல் சக்கரம் ஏறினாலும் உட்கார்ந்திருப்பவர் தாடை அதிரும்.

அவர் விழுந்தபின் அவள் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியிருந்தாள். திரைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அந்தக் கார்தான். துணி மூட்டைக்கு முதுகு வலிக்காது என்பதால் அதன் குணம் அவளைத் தொந்தரவு செய்யவில்லை.

முதலில் எலும்பு டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "கம்பி நல்லா பிடிச்சிருக்கு. இடுப்புப் பட்டை போட்டுக்கிட்டு, சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சு உக்காந்து போகலாம். நடுவுல நிறுத்தி நிறுத்திப் போங்க. குலுக்கல் மட்டும் ஆகாது," என்றார்.

குலுக்கல் மட்டும் ஆகாது. அந்தக் காரில் குலுக்கலைத் தவிர வேறொன்றும் கிடையாது.

மெக்கானிக்கிடம் போனாள். அவர் காரின் முன்மூக்கில் இரண்டு கையையும் வைத்து அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "குலுக்கல வாங்கிக்கற ஷாக் அப்சார்பர் இதுல பந்தய வண்டியோடது. கல்லு மாதிரி இருக்கு. நாலையும் கழட்டி வீசிட்டு சாதாரணமானது போடணும். பொருள் வரவழைக்கணும், எப்ப வரும்னு சொல்ல முடியாது," என்றார். விசாரணைக்குள் வருமா என்று கேட்டதற்கு உதட்டைப் பிதுக்கினார்.

வீட்டுக்கு வந்து பெயிண்டரிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அந்தப் பையன் விக்கும்போது ஏதோ சொன்னான். திருப்பற மாதிரி குமிழ் இருக்குன்னு. நான் காதுல வாங்கல. எனக்கு அது இருந்தபடியே புடிச்சிருந்தது," என்றார்.

ரேஸ் தம்பியின் எண் இன்னும் அவர் போனில் இருந்தது. அவன் ஊரில் அப்போது அதிகாலை போலிருக்கிறது, கொட்டாவியோடு எடுத்தான். ஆனால் காரைப் பற்றி என்றதும் குரல் நிமிர்ந்தது.

"அக்கா, ஸ்பிரிங் எல்லாம் கம்பெனிது, நான் மாத்தல. ஷாக் மட்டும்தான் மாத்தினேன். நாலுலயும் குமிழ் இருக்கு. முன்னால ரெண்டும் பானட்டுக்குள்ள, ஷாக்கோட தலையில. ரப்பர் மூடி போட்டிருக்கும். பின்னால ரெண்டும் அடிப்பக்கம், சக்கரத்த ஒட்டி. வலது பக்கமா முழுசாத் திருப்பினா கல்லு. அங்க இருந்து இடது பக்கமாத் திருப்பத் திருப்ப இளகும். டிக், டிக்னு விரல்ல தெரியும். எண்ணிக்கிட்டே வாங்க. எவ்வளவு வேணா இளக்குங்க, ஆனா முன்னால இடமும் வலமும் ஒரே எண்ணிக்கை. பின்னாலயும் அப்படித்தான்."

"மாறிட்டா?"

"பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கமா நொண்டும். வேணாம்கா. டயர் காத்தையும் பாருங்க, நான் ஜாஸ்திதான் வச்சிருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு வருத்தத்தோடு கேட்டான்: "நெசமாவே அதை இளக்கப் போறீங்களா?"

"ஆமாப்பா. உன் குதிரையக் கொஞ்சம் பசுவாக்கப் போறேன்."

மறுநாள் காலை திரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வாசல் முற்றத்தில் இறங்கினாள். பானட்டைத் திறந்ததும் முன்னிரண்டு குமிழ்களும் ரப்பர் மூடிக்குள் அழகாக உட்கார்ந்திருந்தன. மூடியை எடுத்து, வலப்பக்கம் முழுக்கத் திருகி, பிறகு இடப்பக்கமாக எண்ணிக்கொண்டே திருப்பினாள். விரல் நுனியில் அந்தச் சின்ன டிக் தட்டுப்பட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தையல் மிஷினில் நூல் இறுக்கத்துக்கு இப்படித்தான் ஒரு குமிழ். கொஞ்சம் திருப்பு, தைத்துப் பார், மறுபடி திருப்பு.

பின்பக்கம் அவ்வளவு சுலபமாக இல்லை. சக்கர நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினாள். ஜாக்கி சறுக்கினால் வண்டி தரையில் விழாமலிருக்க, கழற்றிய சக்கரத்தையே காரின் அடியில் படுக்கையாகத் தள்ளி வைத்தாள். பெயிண்டர் ஜன்னலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சியா? கைபிரேக்?" அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" போட்டாள். இடதுபக்கக் குமிழ் முனகிக்கொண்டே திரும்பியது. வலதுபக்கக் குமிழ் சேற்றோடும் துருவோடும் கல்லாகிக் கிடந்தது. குறடு எடுத்துப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாள். குமிழ் அசையவில்லை, அதன் விளிம்பு நசுங்கியது.

"நிறுத்து," என்றார் பெயிண்டர். "ஒடிஞ்சா நாலும் வீண். துரு இளக்கற எண்ணெய் அடி. பிரஷ்ஷால தேய். அடிச்சிட்டு விடு. பழைய பெயிண்ட் டப்பா மூடியத் திறக்கிற மாதிரிதான். கோவப்பட்டாத் திறக்காது."

அப்போதுதான் மாடியிலிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்திருந்தார் போலிருக்கிறது.

"ஏம்மா, இது குடியிருக்கிற வீடா, ஒர்க்‌ஷாப்பா? தரையெல்லாம் எண்ணெய்க் கறை. வண்டி வேலைய வெளிய பண்ணிக்கோன்னு வீடு குடுக்கும்போதே சொல்லலையா?"

அவள் கையைத் துடைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னீங்க. நானும் இத்தனை வருஷம் ஒரு ஆணி அடிக்கல. இப்ப பண்றேன். உள்ள ஒரு மனுஷன் அடைஞ்சு கிடக்காரு. அவரு வெளிய போகணும். தரைய நான் கழுவித் தரேன். முடியாதுன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்லுங்க. அதையும் விசாரணைக்கு அப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் இந்த ஷாக்க விடமாட்டேன்."

வீட்டுக்காரம்மா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி பொத்தென்று முற்றத்தில் வந்து விழுந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டை. "அதையாவது பிரிச்சுப் போட்டு அதுக்குமேல படு," என்ற குரல் மட்டும் கேட்டது.

துரு எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். காலையும் மாலையும் அடித்தாள். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாள். மூன்றாம் நாள் கட்டைவிரலால் லேசாக நெருடியபோது, டிக். அவள் அப்படியே அட்டையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலு குமிழ்களையும் முழுக்க இளக்கினாள். இளகினால்தானே குலுக்காது என்பது அவள் கணக்கு. கதவு விளிம்பில் ஒட்டியிருந்த அளவுக்கு டயர் காற்றையும் இறக்கினாள். ஆனால் முதல் ஓட்டத்துக்கு அவரை ஏற்ற மனம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, அவருடைய இருக்கையில் வைத்து, சுற்றிலும் துணியைத் திணித்து, பெல்ட்டும் போட்டுவிட்டாள். தெருமுனை வேகத்தடைமேல் வழக்கமான வேகத்தில் ஏற்றினாள். கார் பஞ்சு மாதிரி ஏறியது. தண்ணீர் சிந்தவில்லை. அவள் வெற்றிச் சிரிப்பு சிரிக்கும்போதே கார் இறங்கி, மறுபடி எழுந்து, மறுபடி தாழ்ந்து, தொட்டில் மாதிரி ஆடத் தொடங்கியது. பேசினில் அலை எழும்பி முன்னும் பின்னும் மோதி, பாதித் தண்ணீர் இருக்கையில் கொட்டியது.

ஏறும்போது சிந்தாதது, ஏறி முடித்த பிறகு சிந்தியது. அவள் கொஞ்ச நேரம் வண்டியை ஓரமாக நிறுத்தி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பொறுமையாகச் செய்தாள். துரு விட்டுப்போன பின்குமிழ்களுக்கு இனி சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, அட்டையில் படுத்துக் கையை நீட்டினால் போதும். இரண்டு டிக் இறுக்கு, பேசினோடு ஒரு சுற்று. இன்னும் இரண்டு, இன்னொரு சுற்று. கர்ட்டன் அக்கா தண்ணீரை ஊர்வலம் கூட்டிப் போகிறாள் என்று தெரு பேசியது. ஒரு வீட்டிலிருந்து, "அக்கா, எங்க பக்கெட்டையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போயிட்டு வரியா?" என்று கேட்டார்கள். "உன் வீட்டுக்காரரையும் சேர்த்து வை, திரும்பி வரும்போது எறக்கிவிடறேன்," என்றாள்.

தண்ணீர் அநேகமாகச் சிந்தாத இடத்துக்கு வந்ததும் பேசினை எடுத்துவிட்டுக் கணவரை உட்கார வைத்தாள். நடைச்சட்டம், இடுப்புப் பட்டை, முதுகுக்குத் தலையணை. பல மாதங்களுக்குப் பிறகு கார்க் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினார்கள்.

"எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

அவர் நெற்றியில் வியர்வை. கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. அவள் காரை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள்.

"இங்க பாருங்க. ஊரெல்லாம் கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. சரி, அவங்கள அனுப்பி வைக்கறதுக்காகச் சொன்னீங்க. என்கிட்டயும் அதையே சொன்னா நான் எதை வச்சுத் திருகறது? பொய் சொல்ற அளவுகோலை வச்சுத் துணி வெட்ட முடியுமா? எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, சொல்லுங்க. இல்லாட்டி நான் இப்படியே திரும்பிப் போயி, எங்க அண்ணனையே உங்களுக்காகப் பேசச் சொல்றேன்."

பெயிண்டர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியது. வலியினாலா, வேறெதனாலா என்று அவள் கேட்கவில்லை.

"ஏறும்போது தாங்கிக்கலாம்," என்றார் கடைசியில். "எறங்கினதுக்கு அப்புறம் ஒரு ஆட்டம் ஆடுது பாரு, அதுதான் கொல்லுது. அடுத்த அடி எங்க இருந்து வரும்னு தெரியாம உடம்பு கெட்டியாயிடுது. முன்னால பரவாயில்ல. பின்னாலதான் எழும்புது."

அவள் இறங்கிப்போய்ப் பின்னால் அட்டையை விரித்தாள்.

அந்த வாரம் முழுவதும் இருவருக்கும் அதுதான் வேலை. அவர் சொல்ல, அவள் திருக. "இது குத்துது." "இது தூக்கிப் போடல, ஆனா நடுங்குது." "இப்ப பின்னால சரி, முன்னால மூக்கக் குத்துது." இரவில் எத்தனை முறை விழிக்கிறார், எந்தப் பக்கம் திரும்பினால் கால் மரத்துப் போகிறது, விழுந்த அந்தக் கணத்தை இன்னும் கனவில் பார்க்கிறாரா என்பதெல்லாம்கூட அந்தச் சுற்றுகளில்தான் அவளுக்குத் தெரியவந்தது. கடைசியில் முன்குமிழ்கள் பாதிக்குக் கொஞ்சம் இளக்கமாகவும், பின்குமிழ்கள் சரியாகப் பாதியிலும் நின்றன. வேகத்தடையில் கார் ஒருமுறை ஏறியது, ஒருமுறை இறங்கியது, அதோடு அடங்கியது.

"இதான்," என்றார். "இதுக்கு மேல கை வைக்காத."

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணன் வந்தார். முற்றத்தில் காரையும் அட்டையையும் பார்த்தார். இந்தமுறை கெஞ்சினார்.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. எனக்கும் குடும்பம் இருக்கு. நாளைக்கு அங்க மேனேஜர் வருவாரு, வக்கீல் வருவாரு. அவங்க முன்னால அவரு கயிறு இல்லன்னு சொன்னா, நான் என்ன சொல்லுவேன்?"

"உள்ளதச் சொல்லு."

"சொல்றது சுலபம்."

"சுலபமில்லன்னு தெரியும். முதுகுல கம்பியோட உக்காந்து அவ்வளவு தூரம் வரதும் சுலபமில்ல. அவரு வராரு. நீ என்ன பண்ணணும்னு நீ முடிவு பண்ணு."

காலையில் வெயில் ஏறுமுன் கிளம்பினார்கள். ஊர் நடுவைத் தாண்டியதும் அண்ணன் சொன்னபடியே சாலை கிழிந்து கிடந்தது. குழாய் பதித்து மூடிய இடமெல்லாம் குறுக்கே தழும்பு தழும்பாக. அவள் ஒவ்வொன்றின்மேலும் காரைச் சற்றுச் சாய்வாகத் திருப்பி மெதுவாக ஏற்றினாள். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அலறவிட்டார்கள். ஒருவர் தலையை நீட்டி, "வண்டி ஓட்டத் தெரியலன்னா வீட்ல இரு," என்றார். "தெரிஞ்ச வேகத்துலதான் போறேன், நீ பறந்து போ," என்று அவளும் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள். மூன்று இடத்தில் நிறுத்தி அவரை இறக்கி, நிற்க வைத்து, காலை உதறச் சொல்லி, மறுபடி ஏற்றினாள். கடைசி நிறுத்தத்தில் அவர் முகம் சாம்பலாக இருந்தது. "திரும்பிடலாமா?" என்று கேட்டாள். "ஓட்டு," என்றார்.

அலுவலகத்தில் விசாரணை அறை மேல்மாடியில். லிஃப்ட் பழுது. வாசலில் இருந்த உதவியாளர் காரை எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளு ஏற முடியாதுன்னா எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. மேல எல்லாரும் வந்து உக்காந்தாச்சு," என்றார்.

"அவரு எழுத வரல, பேச வந்திருக்காரு."

"அதுக்கு மேல வரணுமே."

"அவரால மேல ஏற முடியாது. ஏன் முடியாதுங்கறதுதான் இன்னைக்கு விசாரணையே. அவங்களுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு. எறங்கி வரச் சொல்லுங்க."

உதவியாளர் தலையைச் சொறிந்தார். அவள் படியில் முதல் அடி வைத்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

அவர்தான் போனார். அவள் காரின் அருகே வந்து கதவைத் திறந்து வைத்து நின்றாள். இறங்கி வராவிட்டால் என்ன செய்வதென்று அவளிடம் யோசனை எதுவும் இல்லை.

வந்தார்கள். முன்னால் விசாரணை அதிகாரி, கண்ணாடி போட்ட நடுத்தர வயது அம்மா. பின்னால் மேனேஜர், வக்கீல், தட்டச்சுப் பெண், எல்லாருக்கும் பின்னால் அண்ணன். அதிகாரி காருக்குள் குனிந்து பார்த்து, "இங்கயே உக்காந்து பேசறீங்களா?" என்று கேட்டார். ஒரு நாற்காலியை வெளியே போடச் சொல்லி உட்கார்ந்தார். தட்டச்சுப் பெண் மடிக்கணினியைக் காரின் மூக்கின்மேல் வைத்துக்கொண்டாள், மற்றவர்கள் வெயிலில் நின்றார்கள். மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெயிண்டர் அதிகம் பேசவில்லை. சாரத்தில் ஏறச் சொன்னது, கயிறு கேட்டது, வரும் என்று சொன்னது, பலகை சரிந்தது. கொக்கி கையிலேயே இருந்தது என்றார். "பிடிக்க ஒண்ணுமில்லாம அதைப் பிடிச்சுக்கிட்டே விழுந்தேன்மா."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "கயிறு கட்டியிருந்ததா மேஸ்திரி இப்பதான் மேல சொன்னாரு."

பெயிண்டர் தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு கொஞ்சம் அசைந்து, கதவு வழியாக அண்ணனைத் தேடினார். குரலில் கோபம் இல்லை.

"எந்தக் கம்பத்துல கட்டியிருந்தீங்க மச்சான்?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். மூடினார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. பிறகு தரையைப் பார்த்து, "ஞாபகம் இல்ல," என்றார்.

"ஒவ்வொரு நாளும் நீங்கதானே கட்டறது?" என்றார் அதிகாரி.

அண்ணன் பதில் சொல்லவில்லை. தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் நின்று, அதையும் அடித்துக்கொண்டன.

அன்றைக்கே எதுவும் முடிந்துவிடவில்லை. அதிகாரி மறுபடி தேதி போட்டார். அதே சுவரில் வேலை செய்த மற்றவர்களை அழைத்தார். முதலில் வந்தவர் தயங்கினார். ஆனால் முதுகு ஒடிந்த மனுஷனே வந்து உட்கார்ந்து பேசிய செய்தி அதற்குள் சாரம் சாரமாகப் பரவியிருந்தது. இரண்டாவது ஆள் பட்டென்று சொல்லிவிட்டார். பிறகு மூன்றாவதும். கயிறு கொடுக்காதது நிறுவனத்தின் குற்றம், தொழிலாளியின் கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பு வந்தபோது, பெயிண்டர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, பசிக்கிறது என்றார்.

அண்ணனை நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவில்லை. மேஸ்திரிப் பொறுப்பை மட்டும் எடுத்துவிட்டு வேறொரு கட்டடத்துக்குத் தூக்கிப் போட்டது. அண்ணி போன் செய்து, "கூடப் பொறந்தவ செய்யற காரியமா இது?" என்று அழுதார். கர்ட்டன் அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "செய்யற காரியந்தான் அண்ணி," என்று சொல்லி வைத்துவிட்டு, அன்று தைத்த திரையின் மடிப்பை நாலு முறை பிரித்தாள். அவளுக்கும் வலிக்காமல் இல்லை. அப்பா போனபிறகு அவளைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்தது அந்த அண்ணன்தான். ஆனாலும் போய்க் காலில் விழுவதாக இல்லை.

பெயிண்டர் இப்போது ஒரு வண்ணக் கடையில் உட்கார்ந்து நிறம் கலந்து கொடுக்கிறார். வாடிக்கையாளர் காட்டும் துணித் துண்டையோ சுவர்ச் சில்லையோ பார்த்து, எந்த நிறத்தில் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்கிறார். காலையில் அவளே கொண்டுவிட்டு, மாலையில் கூட்டிவருகிறாள். திரை மூட்டைகள் பின்னிருக்கையில். மூட்டை கனமாக இருக்கும் நாளில் பின்குமிழை இரண்டு டிக் இறுக்கிக்கொள்வாள்.

மாதங்கள் கழித்து, கடை விடுமுறை நாள் ஒன்றில், அண்ணன் வந்தார். கேட்டருகே நின்றார், திறக்கவில்லை. அவள் மிஷினில் இருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இளைத்திருந்தார்.

"இந்த வழியாப் போனேன்," என்றார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"என்னையா, அவரையா?"

அண்ணன் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் உன் தங்கச்சிதான், அது மாறாது. அவரு உள்ள இருக்காரு. சொல்ல வேண்டியத அவருகிட்டச் சொல்லு. சொல்லாம உக்காந்து கத பேசிட்டுப் போறதா இருந்தா, இப்பவே போயிடு."

அண்ணன் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். அவளைத் தாண்டி அறைக்குள் போனார். "வாங்க மச்சான்," என்ற பெயிண்டரின் குரலும், கட்டில் விளிம்பு முனகும் சத்தமும் கேட்டன.

செம்பில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு அவள் அறை வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றாள். உள்ளே அண்ணன் எதையோ ஆரம்பித்தார், நிறுத்தினார், மறுபடி ஆரம்பித்தார். "நான்தான் மாப்பிள்ளை, கயிறு கட்டாம உங்கள ஏத்தினேன்," என்று முழுசாக ஒரு வாக்கியம் காதில் விழுந்த பிறகுதான் அவள் தண்ணீரோடு உள்ளே போனாள்.